கறியெடுக்காத தீபாவளி

தீபாவளியை எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று எங்கள் வீட்டில் யாரையாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால், கறிக்காக என்றுதான் பதில் வரும். நரகாசுரன் கதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. விடிவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணியில் மஞ்சள் வைத்து உடுத்தி, இட்லியின் தலையில் கறிக்குழம்பை ஊற்றினால் எங்களுக்குத் தீபாவளி வந்துவிட்டது என்று அர்த்தம். மதியத்துக்குச் சுக்கா, குடல், ரத்தப் பொரியல் என்று அது பாட்டுக்கு நீளும். பலகாரமும் செய்வோம்தான். அது அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவதற்கு.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் சொந்தக்காரர்களைப் போலவே கேள்வி கேட்பவர்கள். மேற்கே கிராமத்தில் நிலத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வந்து வீடு கட்டியவர்கள். தீபாவளிக்குத் தெருவே கூட்டுச் சேர்ந்து ஆடு பிடிக்கும். திருமங்கலம் சந்தைக்குப் போய், ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்து வாங்கிவருவதும், வெட்டும்போது பக்கத்தில் நின்று வீட்டுக்கு ஒரு கூறாகப் பிரித்துக் கொடுப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. உரக்கடை வைத்திருக்கிறார். கடையில் நிற்கும்போது அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றால் தெருவே கேட்கும். தன் கூறில் எலும்பு கூடிப்போனது என்று இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் கூறில் வருகிற நல்லி எலும்பு மட்டும் என் அண்ணனுக்கு. அண்ணன் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் காய்க்குள்ளேயே கிடப்பதால் அவருக்குக் காய் என்றாலே ஆகாது. கத்தரிக்காயைப் பார்த்தால் விலை சொல்வார், வாயில் வைக்க மாட்டார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் மதியச் சாப்பாடு அவருக்கு என் வீட்டில்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த ஒரு மனிதர்தான். அவர் வந்து உட்கார்ந்து நல்லியை உறிஞ்சும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அடுப்படியில் கால் தரிக்கும்.

இந்த ஏற்பாட்டில்தான் என் மகள் கல்லைத் தூக்கிப் போட்டாள். கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் மதுரை டவுனுக்குள்ளே, மகாலுக்குப் பின்னால். சௌராஷ்டிரா குடும்பம், சுங்குடிச் சேலை வியாபாரம். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு பாஷை, வாசலுக்கு வந்தால் நம்மைவிட நல்ல மதுரைத் தமிழ். அவர்களிலும் கறி சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் மகள் தேடிப்பிடித்த வீட்டில் முட்டை போட்ட கேக்குகூட வாசல் தாண்டாது.

பையனைப் பார்த்தோம். குனிந்த தலை நிமிராத பையன். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கறி வாடையாச்சும் தாங்குவீகளா மாப்ள?"

"தாங்குவேன் மாமா" என்றார் பையன். அதோடு சம்பந்தம் முடிவாகிவிட்டது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி, பாஷை, ஊர் உலகம் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கறியில் வந்து நின்றார். "கறி திங்காதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நாளைக்கு நல்லது பொல்லாததுக்கு ஒரே பந்தியில உக்கார முடியுமா? உன் வீட்ல என்னைக்குக் கறியில்லாம எல விழுகுதோ அன்னையிலருந்து நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்" என்றார். கல்யாணச் சாப்பாடு எங்கள் பக்கம் யார் வீட்டிலும் சைவம்தான். அதற்கும் வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் என் மகள் மணவறையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "அண்ணன் வரலையா?" என்று என்னிடம் கேட்டார்கள், அதுவும் அவர் வரவில்லை என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே. அதிலிருந்து பேச்சு நின்றது. பரவைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாகமலையும் கொஞ்சம் வயலும்தான். போனால் போகட்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே போய் அழுதேன்.

தலைதீபாவளி வந்தது. மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அடுப்படியில் கறி, பின்பக்கத்துக் கொட்டகையில் கேஸ் அடுப்பை வைத்து மாப்பிள்ளைக்குத் தனியாகச் சாம்பார்.

"தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு மூலையில தனி எல போட்டா அதுக்குப் பேரு விருந்தா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. இந்த வருசம் கறி கிடையாது."

கறியில்லாமல் இலை போட்டால் அண்ணன் வாசல் மிதிக்க மாட்டார். சொன்ன சொல்லை விடுகிற ஆள் இல்லை. மாப்பிள்ளை மனம் கோணாமல் சாப்பிட வேண்டும் என்றால் அண்ணனை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும். இருந்தாலும் மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, போன் போட்டு, தலைதீபாவளி, கட்டாயம் வந்துவிட வேண்டும் என்றேன். கறி இல்லை என்பதைச் சொல்லவில்லை. முதலில் ஆள் உள்ளே வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "அவரு கடையில இருக்காரு, சொல்றேன்" என்று மதினி வைத்துவிட்டார். மதினிக்கு எப்போதுமே என்னிடம் பேச்சு கம்மி. பேசினால் அதில் என் சமையலைப் பற்றி ஏதாவது இருக்கும், நல்லதாக இருக்காது.

கறி கிடையாது என்றதும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தார். மறுநாள் புது ஆளாக எழுந்து வந்தார். "கறி இல்லாட்டிப் போகுது. ஆனா கறி மாதிரியே இருக்கணும். மாப்ள வீட்ல போயி, எங்க மாமனார் வீட்ல ஒண்ணுமே போடலன்னு சொல்லிறக் கூடாது" என்றார். அடுத்து அவர் செய்த ஆராய்ச்சியில் பாதியைக் கடையில் செய்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம்.

குழம்புக்குக் கறிக்குப் பதில் மீல்மேக்கர். சுக்காவுக்குச் சேனைக்கிழங்கு. கோலா உருண்டைக்கு வாழைப்பூ. மீன் வறுவலுக்கு வாழைக்காயைச் சாய்வாக, முள் எடுத்த துண்டு மாதிரி வெட்ட வேண்டும். உறிஞ்சிச் சாப்பிட முருங்கைக்காய். குடலுக்கு மட்டும் பல நாள் யோசித்து, சிப்பிக்காளானைக் கிழித்துப் போடலாம் என்று கண்டுபிடித்தார்.

"ரத்தத்துக்கு என்ன பண்றது?" என்று ஒருநாள் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டார். பாசிப்பருப்பை அரைத்து அவித்து உதிர்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி உள்ளே இழுத்து வந்தேன்.

ஒத்திகை பார்த்தோம். பல்கலைக்கழகத்து ஆபீஸில் எனக்கு வேலை. திரும்பி வந்ததும் வராததுமாகத் தட்டை நீட்டுவார். தானும் கண்ணை மூடிக்கொண்டு மென்றுபார்ப்பார். "கறிதான்" என்பார். இன்னும் கொஞ்சம் மென்றுவிட்டு, "ஆனா எதையோ நெனச்சுக் கவலப்பட்ட ஆடு" என்பார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க மறந்துவிட்டோம். மகளுக்குப் போன் போட்டேன். அவள் போனை அவரிடமே கொடுத்தாள். ரொம்ப நேரம் வெட்கப்பட்டுவிட்டு, "பாகற்காய் வறுவல்னா ரொம்பப் பிடிக்கும் அத்தை" என்றார்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கம் பாகற்காய் விருந்துக்கு வராது. துஷ்டி வீட்டில், செத்தவரைக் கொண்டுபோய்விட்டு வந்து வைக்கிற சாப்பாட்டில்தான் பாகற்காய், வாழைக்காய், அகத்திக்கீரை மூன்றும் சேர்ந்து வரும். ஆனால் வாய்விட்டுக் கேட்ட மாப்பிள்ளையிடம் அதையா சொல்வது? சரி மாப்பிள்ளை என்றேன்.

அந்த வருசக் கூட்டு ஆட்டில் எங்களுக்குக் கூறு வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் தெருவில் சொன்னபோது தெரு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. எதிர்வீட்டு அக்கா உடனே வந்தார். வாசலில் நின்றபடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஆட்கள் சரியாக இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "எல்லாரும் சொகந்தான?" என்றார். தீபாவளிக்கு ஒரு வீடு கறியெடுக்கவில்லை என்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னதும் அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, "பாவம்" என்றார். மாப்பிள்ளையைச் சொன்னாரா எங்களைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கடுத்து நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில் என் வீட்டுக்காரர் காய் வாங்கப் பரவை மார்க்கெட்டுக்குப் போனார். வீட்டுக்கு எப்போதும் காய் வாங்குவது நான்தான். அன்றைக்கு எனக்கு மாவாட்ட வேண்டியிருந்தது. அண்ணன் ஒட்டன்சத்திரம் போயிருந்தார். கடையில் இருந்த ஆள், முதலாளியின் தங்கச்சி புருசன் வருவதைப் பார்த்துவிட்டு நலம் விசாரித்திருக்கிறார். ஆட்டை விட்டுக்கொடுத்த கவலை என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படியே இருந்தது. தாடியும் எடுக்கவில்லை, தீபாவளியன்று எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். வாழைக்காய் வாங்கினார், பாகற்காய் வாங்கினார். போதாததற்கு ஒரு கட்டு அகத்திக்கீரையும் வாங்கினார். மாப்பிள்ளை வீட்டார் பெருமாள் கும்பிடுகிறவர்கள். துவாதசியன்று அகத்திக்கீரை சாப்பிடுவார்கள் என்று யாரோ சொன்னதை வைத்து, அதுதான் அவர்கள் விருந்துக் கீரை என்று முடிவு கட்டியிருந்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கறி எடுக்கலையாண்ணே?" என்று கடை ஆள் கேட்டிருக்கிறார்.

"இந்த வருசம் எங்க வீட்ல கறி ஆகாதுப்பா."

"அக்கா வரலையாண்ணே?" என்று என்னை விசாரித்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கேட்டால், சேனைக்கிழங்கு வாங்க மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது, அதை வாங்க ஓடினேன் என்றார்.

தீபாவளியன்று காலையில் இட்லியும் மீல்மேக்கர் குழம்பும் வைத்தேன். மாப்பிள்ளை புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் சுக்கா என்கிற சேனையைத் தன் கையாலேயே வைத்தார். மாப்பிள்ளை குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"அத்தை, இது?"

"மீல்மேக்கர் மாப்பிள்ளை."

"இது?"

"சேனைக்கிழங்கு."

"மாமா வீட்ல எப்பவும் இப்படித்தான் செய்வாங்களா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டார். நம்பவில்லை என்று இல்லை. மனசு நம்பியது, தொண்டை நம்பவில்லை. பிறந்ததிலிருந்து எதைக் கண்டு ஒதுங்கி வந்தாரோ, அதை எலும்பு வடிவம், குடல் வடிவம் எல்லாம் குறையாமல் செய்து அவர் முன்னால் பரப்பியிருந்தோம். இட்லியில் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். தெருவெல்லாம் கறி மணந்தது. அண்ணனிடமிருந்து போன்கூட வரவில்லை. ஆட்டையும் விட்டு, அண்ணனையும் விட்டு, கடைசியில் மாப்பிள்ளை சர்க்கரை தொட்டுச் சாப்பிடவா இவ்வளவும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தோடுதான் மதியத்துக்குப் பாகற்காயை வறுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. வெடிச் சத்தத்துக்கு நடுவில் விட்டுவிட்டுக் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக எந்த வீட்டிலோ, பாவம், என்று அடுப்பைத் தணித்தேன்.

"வந்தாருக்கெல்லாம் வடிச்சுப்போட்ட கையி, இப்ப மடிஞ்சு கெடக்குதே..."

சத்தம் கிட்டே வந்தது.

"நீ கொழம்பு கூட்டி வச்சா குறுக்குச் சந்தெல்லாம் மணக்குமே, என் குலக்கொடியே..."

குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. கரண்டியோடு நின்று காதைத் தீட்டினேன்.

"ஆபீசு நாற்காலியில அதிகாரம் பண்ணுனியே, நாகமலை அடிவாரத்துல நாதியத்துப் போனியே..."

மதினியின் குரல்தான். நாகமலை அடிவாரத்தில், ஆபீஸ் நாற்காலியில், அவருக்குத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். என் குழம்பைப் பற்றி மதினி வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க நான் சாக வேண்டியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, இன்னும் இரண்டு வரி கேட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

கூடத்தில் மாப்பிள்ளை போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாராக இருந்தார். "உங்க பக்கம் தலைதீபாவளிக்குச் சீர் கொண்டுட்டு வர்றவங்க இப்படிப் பாடிட்டு வருவாங்களா?" என்று மகளிடம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். நான் அந்தப் போனைத் தாழ்த்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

தெருவில் அண்ணனுடைய காய் ஏற்றும் குட்டியானை வண்டி நின்றது. மதினி தலைமுடியை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தபடி வந்துகொண்டிருந்தார். கரண்டியோடு என்னைப் பார்த்ததும் பாதி வரியில் வாய் நின்றது.

"அடிப்பாவி" என்றார். "இருக்கியா?"

அவருக்குப் பின்னால் அண்ணன், வெள்ளை வேட்டி, இடுப்பில் துண்டு, நெஞ்சோடு ஒரு மஞ்சப்பையை அணைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே நடுத்தெருவில், வெடித்த காகிதக் குப்பை மேல் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன். கரண்டியோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருத்தா செத்தது?"

"யாரும் சாகலண்ணே. எல்லாரும் நல்லா இருக்கோம்."

"அப்ப எதுக்குடி பாகற்காய்?" என்றார்.

மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்றேன். அண்ணன் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏய்யா மாப்ள, ஒலகத்துல எவனாச்சும் தீபாவளிக்கு அகத்திக்கீர வாங்குவானா?"

"அவுக வீட்ல துவாதசிக்குச் சாப்பிடுவாகளாம் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர், முனகலாக.

ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பி, அன்று விடியற்காலையில் கடைக்குப் போன அண்ணனிடம் கடை ஆள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மூன்றும் சேர்ந்து போயிருக்கிறது, கறி ஆகாது என்றிருக்கிறார், அக்காவைக் கேட்டால் பேச்சே இல்லை. அண்ணனுக்கு வேறு யோசனையே வரவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாமே என்றேன்.

"போட்டு என்னன்னு கேக்கச் சொல்ற? செத்துட்டியான்னா?" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொறந்த வீட்டுக்கே சொல்லிவிடலையேன்னு நெனச்சேன்த்தா. அம்புட்டு வெறுத்துட்டாளான்னு நெனச்சேன். எடுத்துட்டாகளா, வச்சிருக்காகளான்னுகூடத் தெரியாமத்தான் வாரேன்."

வண்டியின் பின்னால் சாக்குக்குக் கீழே ஒரு ரோஜா மாலை தெரிந்தது, ஆள் உயரத்துக்கு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய், நல்ல பூவாகப் பார்த்துக் கட்டச் சொல்லி வாங்கியிருக்கிறார். பரவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர மாட்டுத்தாவணி வழியே இல்லை. உயிரோடு இருந்த தங்கச்சியைப் பார்க்க இந்தப் பக்கம் நாகமலையைத் தாண்டி வராத மனிதர், செத்த தங்கச்சிக்காக மதுரையையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். திட்ட வாயெடுத்தவள், சாக்கை இழுத்து மாலையை மூடினேன்.

அதற்குள் மாப்பிள்ளையும் மகளும் வெளியே வந்துவிட்டார்கள். வந்திருப்பது தாய்மாமன் என்று மகள் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை மகள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அண்ணன் காலில் விழுந்துவிட்டார். அண்ணன் இன்னும் தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கிறவர் காலில் விழ, பையன் கிட்டத்தட்டத் தரையில் படுக்க வேண்டியிருந்தது. புது வேட்டியெல்லாம் வெடிமருந்து.

"எந்திரிங்க மாப்ள, எந்திரிங்க" என்று அண்ணன் பதறி எழுந்தார். மாப்பிள்ளை என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான்.

"பையில என்ன மாமா?" என்று மகள் கேட்டாள்.

அண்ணன் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மதினிதான் சமாளித்தார். அவிழ்ந்த முடியைக் கொண்டையாகச் சுற்றிக்கொண்டே, "ஒங்கம்மாவுக்குச் சேல. தலைதீபாவளிச் சீரு" என்றார். சேலையை எடுத்து என் கையில் கொடுத்தார். அரக்குச் சிவப்பில் பட்டுச்சேலை. எனக்கும் மதினிக்கும் தெரியும் அது என்ன சேலை என்று. கட்டிக்கொடுத்த பெண் செத்துப்போனால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும். கடைசியாக உடுத்திவிடுகிற சேலை. இத்தனை தீபாவளிக்கு அண்ணன் எடுத்துக்கொடுத்ததில் இவ்வளவு நல்ல சேலை ஒன்றுகூட இல்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"சாப்பிட்டுப் போகலாம்ண்ணே" என்றேன். "கறி கிடையாது. முன்னாடியே சொல்லிர்றேன்."

அண்ணன் வீட்டு வாசலைப் பார்த்தார். படி ஏறினார்.

மாப்பிள்ளை பக்கத்திலேயே அவருக்கு இலை போட்டேன். என் வீட்டுக்காரர் மறுபடி உற்சாகமாகி, இது சுக்கா மச்சான், இது குடல் மச்சான், இது ரத்தம் மச்சான் என்று அடுக்கினார். அண்ணன் ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்திப் பார்த்தார். பக்கத்து இலையையும் பார்த்தார். மாப்பிள்ளை கையை மடியில் வைத்திருந்தார்.

"நீங்க ஏன் சாப்பிடல?"

"பயமா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு முழுக்க அவர் சொன்ன முதல் உண்மை அதுதான். "பாக்க அப்படியே கறி மாதிரி இருக்கு."

அண்ணன் சிரித்தார். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. "எனக்குக் கறி வேணும், ஒங்களுக்குக் காய் வேணும். நம்ம ரெண்டு பேருக்கும் வேணாங்கிறதாப் பாத்துச் செஞ்சு வச்சிருக்கான் பாருங்க ஒங்க மாமனாரு" என்றவர், மாப்பிள்ளை இலையிலிருந்த சேனையையும் காளானையும் தன் இலைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஏத்தா, அந்தப் பாகற்காயக் கொண்டா இங்க" என்றார்.

பாகற்காய் வந்ததும் மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. சின்னப் பாகல் ஏன் இந்த மாதத்தில் கசப்பு கூடுதலாக இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டார். எங்கள் சொந்தத்தில் அண்ணனிடம் காயைப் பற்றி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டவர் அதுவரை யாரும் இல்லை. மழை, மண், எந்த ஊர்ப் பாகல் எப்படி என்று அண்ணன் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. பேச்சு ருசியில், காய் தின்னாத மனிதர் பாகற்காயைத் தின்றுகொண்டிருந்தார். அதை நானும் மதினியும் பார்த்துக்கொண்டோம், சொல்லவில்லை.

மதினிக்குக் குழம்பு ஊற்றும்போது கேட்டேன். "என்ன மதினி, குறுக்குச் சந்தெல்லாம் மணக்குதா?"

"அது செத்தவளுக்குச் சொன்னது" என்றார் மதினி. "நீதான் இருக்கியே. உப்புப் பத்தல."

சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அண்ணன் வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டார். "கழட்டுத்தா அத" என்றார், யாருக்கும் கேட்காமல். "நாளைக்கே வேற எடுத்துத் தாரேன்."

"எனக்குன்னு எடுத்ததுதானண்ணே. நானே கட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன். எல்லாப் பெண்களுக்கும் வருகிற சேலைதான். கண்ணாடியில் பார்த்து, கொசுவத்தைச் சரி செய்து கட்டிக்கொள்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. நன்றாகவும் இருந்தது. மகள் போட்டோகூட எடுத்தாள்.

சாயங்காலம் கிளம்பினார்கள். மாலையைப் போகிற வழியில் கண்மாயில் போட்டுவிடுகிறேன் என்று அண்ணன் என் வீட்டுக்காரரிடம் சொல்வது காதில் விழுந்தது. மதினி வண்டியில் ஏறிவிட்டார். அண்ணனும் ஏறினார், வண்டி கிளம்பிவிட்டது. துஷ்டி வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வந்த நோக்கத்தில் அவர் கால் அந்த வழக்கத்திலேயே நடந்துவிட்டது. நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் வண்டி நின்றது. அண்ணன் இறங்கினார். மதினி என்னவோ கேட்டதற்கு நின்று பதில் சொல்லாமல், அவ்வளவு தூரத்தையும் நடந்தே திரும்பி வந்து, எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"போயிட்டு வாரேன்த்தா" என்றார். நான் பதில் சொல்வதற்குள், எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். "போயிட்டு வாரேன்."

என் கோடிச்சேலையின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாண்ணே" என்றேன்.